அத்தியாயம் 4: புள்ளி எதற்குக் கிடைக்கிறது?

ஆர்பிஜி என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாத்திரமேற்று ஆடும் வீடியோ கேம்கள் பணத்தைவிட நேரத்தைத்தான் அதிகம் கேட்கின்றன. கார் பந்தய கேமை அரைமணி நேரம் ஆடிவிட்டு எழுந்துவிடலாம். ‘தி விட்சர் 3’ போன்ற ஒன்றில் முதன்மைக் கதையை மட்டும் முடிக்கவே 50 மணி நேரம் பிடிக்கும். எனவே தேர்வில் தவறினால் இழப்பு பெரிது. கதை எப்படி, காட்சிகள் எப்படி, உலகம் எவ்வளவு பெரியது என்றுதான் பெரும்பாலானோர் விசாரிக்கிறார்கள். இந்த மூன்றுக்கும் விளம்பரத்திலேயே பதில் கிடைத்துவிடும். விளம்பரத்தில் வராத இன்னொரு கேள்வி இருக்கிறது. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். இந்த கேம் எதற்குப் புள்ளி தருகிறது? கதை உங்களை மாவீரர் என்று அழைக்கலாம், துப்பறிவாளர் என்று அழைக்கலாம். ஆனால் அந்த ஐம்பது மணி நேரமும் உங்கள் கை என்ன வேலை செய்துகொண்டிருக்கும் என்பதை முடிவு செய்வது அனுபவப் புள்ளிக் கணக்கு. கணக்கும் பாத்திரமும் ஒரே திசையில் போகும் கேம்கள் ஆடி முடித்து வருடங்கள் ஆன பின்னும் மனதில் நிற்கின்றன. இரண்டும் எதிரெதிராக இழுத்தால், எத்தனை கோடி செலவழித்து எடுத்திருந்தாலும், பாதி வழியில் அலுத்துப்போகிறது.

இந்த வகை விளையாட்டு பிறந்த இடத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, மேசையைச் சுற்றி உட்கார்ந்து தாள், பென்சில், பகடை கொண்டு ஆடுவது. அதன் ஆரம்பகால விதிப்படி, பாதாள அறைகளிலிருந்து பத்திரமாக வெளியே கொண்டுவந்து சேர்க்கும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு அனுபவப் புள்ளி. அரக்கர்களைக் கொன்றாலும் புள்ளி உண்டுதான். ஆனாலும் வளர்ச்சியின் பெரும்பங்கு புதையலிலிருந்தே வந்தது. சண்டையில் உயிர் போகும் அபாயம் அதிகம், வரவு குறைவு. அதனால் ஆடியவர்கள் பதுங்கிப் போனார்கள், காவலுக்கு நின்ற பூதத்திடம் பேரம் பேசினார்கள், தூங்கும் டிராகனை எழுப்பாமல் சுற்றிக்கொண்டு போனார்கள். தந்திரசாலிகளாக நடந்துகொள்ளும்படி அவர்களுக்கு யாரும் உபதேசம் செய்யவில்லை. கணக்கு அப்படி இருந்தது, நடத்தையும் அப்படி ஆனது. பின்னாளில் வந்த பதிப்புகள் புள்ளியின் எடையைச் சண்டைப் பக்கம் நகர்த்தியபோது, அதே பாதாள அறைகள் போர்க்களங்களாயின.

இந்த மரபு கணினித் திரைக்கு வந்தபோது பெரும்பாலும் சண்டைக்கே புள்ளி என்றானது. 1981இல் வந்த ‘விசார்ட்ரி’, ‘அல்டிமா’ இரண்டையும் ரசித்து ஆடிய யூஜி ஹோரி, ஜப்பானியச் சிறுவர்களின் வீடுகளில் இருந்த ஃபேமிகாம் கருவிக்காக 1986இல் ‘டிராகன் குவெஸ்ட்’ கேமை வடிவமைத்தார். அதில் ஒரு விதியைக் கவனியுங்கள். சண்டையில் விழுந்தால் கையில் இருக்கும் தங்கத்தில் பாதி போய்விடும், அரசர் முன் மீண்டும் எழுவீர்கள். ஆனால் சேர்த்த அனுபவம் ஒரு புள்ளிகூடக் குறையாது. விரல் வேகம் இல்லாதவரும், பத்து முறை தோற்றவரும், பொறுமை இருந்தால் போதும், முடித்துவிடலாம். கதையும் அதையேதான் சொல்கிறது. முதல் கோட்டையை விட்டு வெளியே வந்ததுமே நீருக்கு அந்தப் பக்கம் டிராகன் அரசனின் கோட்டை கண்ணுக்குத் தெரியும். எட்டிப் பிடிக்கும் தூரம்தான்; போய்ச் சேர்வதற்கோ, துணைக்கு ஆளில்லாமல் தனியே நடந்து, கொஞ்சம் கொஞ்சமாக வலுப்பெற்று, தீவையே சுற்றி வர வேண்டும். ஒரே மாதிரிச் சண்டையைத் திரும்பத் திரும்பப் போடுவதை ‘கிரைண்டிங்’ என்று சலித்துக்கொள்கிறோமே, இங்கே அதுதான் அந்த வீரனின் பயிற்சி. கணக்கும் கதையும் இவ்வளவு நேர்மையாக இணைந்த எளிய உதாரணம் வேறில்லை என்பது என் கணிப்பு.

இரண்டும் பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1988இல் வந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி 2’ நல்ல பாடம். அதன் வடிவமைப்பாளர் அகிடோஷி கவாசு, புள்ளி சேரச் சேரப் படிப்படியாக ஏறும் லெவல் முறையையே தூக்கி எறிந்தார். எந்த ஆயுதத்தைப் பயன்படுத்துகிறோமோ அதில் தேர்ச்சி கூடும். அடி வாங்கினால் உயிர்ப்பலம் கூடும். எண்ணம் அழகானது, வாழ்க்கைக்கு நெருக்கமானதும்கூட. ஆனால் அடி வாங்குவதற்குப் பரிசு என்றால், அந்த அடியை யார் கொடுத்தால் என்ன? ஆடியவர்கள் பலவீனமான எதிரி ஒருவனை நிற்கவைத்துவிட்டு, சொந்தக் குழுவினரையே வெட்டிக்கொண்டு வளர்ந்தார்கள். பேரரசின் படையெடுப்பில் குடும்பத்தை இழந்து, ஒருவரையொருவர் மட்டுமே நம்பி எதிர்ப்புப் படையில் சேரும் இளைஞர்களின் கதை அது! 2011இல் வந்த ‘ஸ்கைரிம்’ இதே எண்ணத்தை மிகப் பெரிய உலகில் செய்து பார்த்தது. டிராகனின் ஆன்மாவைக் கொண்ட நாயகன், ஒரு கொல்லனின் உலையருகே நின்று நூற்றுக்கணக்கில் இரும்புக் குறுவாள்களை அடித்து அடித்தே லெவல் ஏறலாம் என்று ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். செய்யும் பொருளின் மதிப்புக்கு ஏற்பப் புள்ளி என்று பின்னர் ஒரு திருத்தம் வந்து அந்த வழியைக் குறுக்கியது.

இவ்விரண்டையும்விட ஆழமான பிளவு ‘ஸ்கைரிம்’முக்கு முந்தைய பாகமான ‘ஆப்லிவியன்’ கேமில் இருந்தது. 2006இல் வந்த அதில் நீங்கள் வளரும்போது உலகமும் கூடவே வளரும். நீங்கள் லெவல் ஏறினால் குகையிலிருக்கும் எதிரிகளும் ஏறுவார்கள். பிற்பகுதியில் சாதாரண வழிப்பறிக்காரன், ஒரு மாளிகையையே வாங்கக்கூடிய விலையுள்ள கண்ணாடிக் கவசத்தை அணிந்துகொண்டு, உங்களிடம் நூறு தங்கக்காசு கேட்டு மிரட்டுவான். இன்னும் கொடுமை, பேச்சுத்திறனையும் வணிகத்தையும் முதன்மைத் திறன்களாக எடுத்துக்கொண்டவருக்கு நேர்ந்தது. முதன்மைத் திறன்கள் வளர்ந்தால் லெவல் ஏறும் என்பதால், அவர் பேசிப் பேசியே லெவல் ஏறுவார். எதிரிகளின் வாளும் கூடவே கூர்மையாகும். அவருடைய வாள் மட்டும் மொட்டையாகவே இருக்கும். அனுபவம் மிக்க ஆட்டக்காரர்கள் புதியவர்களுக்குச் சொன்ன யோசனை என்ன தெரியுமா? நீங்கள் அதிகம் பயன்படுத்தாத திறன்களை முதன்மைத் திறன்களாகத் தேர்ந்தெடுங்கள், அப்போதுதான் லெவல் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் என்றார்கள். மந்திரவாதியாக வாழ விரும்புபவர், தான் மந்திரவாதி இல்லை என்று கேமிடம் எழுதிக்கொடுக்க வேண்டும். பாத்திரமேற்றலின் அடிப்படையையே தலைகீழாக்கும் யோசனை இது. ஆனால் அந்தக் கணக்குக்கு அது சரியான யோசனை. 2025இல் வந்த மறுபதிப்பு லெவல் ஏறும் முறையை மாற்றியமைத்ததே போதும், சிக்கல் எங்கே இருந்தது என்று காட்ட.

இதற்கு நேரெதிரான ஒரு மரபு அமெரிக்கக் கணினி கேம்களில் உண்டு. 1997இன் ‘ஃபால்அவுட்’, அணுப்போருக்குப் பின் நிலத்தடிக் காப்பகத்திலிருந்து ஒருவரை வெளியே அனுப்புகிறது; தண்ணீர்ச் சில்லு ஒன்றைத் தேடிக்கொண்டுவர 150 நாள் கெடு. அதில் அறிவுக்கான எண்ணை மிகக் குறைவாக வைத்தால் உங்கள் பாத்திரத்தால் முழு வாக்கியம்கூடப் பேச முடியாது. ஊரார் உங்களை நடத்தும் விதமே மாறிவிடும். பேச்சுத்திறனை உயர்த்திவைத்து, வழியில் ஒரு முக்கியமான சான்றையும் கண்டெடுத்தவர், இறுதி எதிரியிடம் ஒரு குண்டுகூடச் சுடாமல், அவனுடைய கனவு ஏன் நிறைவேறாது என்று வாதாடியே அவனை வீழ்த்தலாம். அதாவது, பேச்சாளராக வளர்ந்தவரைக் கதை கடைசி அறைவரைக்கும் பேச்சாளராகவே மதிக்கிறது. 1999இன் ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ இன்னும் ஒரு படி மேலே போனது. நினைவிழந்த, சாக முடியாத ஒருவன்தான் நாயகன். தான் யார் என்று தேடுவதே கதை. மறந்ததை மீட்டெடுக்கும் உரையாடல்களில்தான் பெரிய புள்ளிகளும் கிடைக்கின்றன. வாளை வளர்த்தவரைவிட ஞானத்தை வளர்த்தவருக்கே அந்தக் கதையின் கதவுகள் அதிகம் திறக்கும். அதன் சண்டைகள் சுமார் ரகம் என்பதை அதைக் கொண்டாடுபவர்களும் ஒப்புக்கொள்வார்கள். இருந்தும் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் பெயர் பட்டியல்களில் முன்னே வருவதற்கு, கணக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதே காரணம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். புள்ளியை மட்டும் சரியான இடத்தில் வைத்துவிட்டு மற்றதை மறந்தாலும் கேம் உடைகிறது. ‘வேம்பயர்: தி மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ்’ 2004இல் வந்தது. கொலைக்குப் புள்ளியே இல்லை, பணியை முடித்தால்தான் புள்ளி. மயக்கிப் பேசுவதையும் பூட்டுத் திறப்பதையும் வளர்த்துக்கொண்டு லாஸ் ஏஞ்சலீஸ் இரவுகளில் உலாவுவது அலாதியான அனுபவம். ஆனால் பிற்பகுதியில் சாக்கடைச் சுரங்கங்களிலும் கோபுரங்களிலும் சண்டை, சண்டை, மேலும் சண்டை. அதுவரை கேம் ஊக்குவித்த பாத்திரத்தை அங்கே அதுவே கைவிடுகிறது. 2011இன் ‘டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன்’ செய்ததும் இதேதான்: பதுங்கிச் செல்பவருக்கும் உயிரெடுக்காதவருக்கும் அதிகப் புள்ளி கொடுத்துவிட்டு, பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளுடனான சண்டைகளில் மட்டும் துப்பாக்கியைத் தவிர வேறு வழியில்லாமல் நிறுத்தியது. எழுந்த எதிர்ப்பில் நியாயம் இருந்ததால்தான் 2013இல் வந்த திருத்திய பதிப்பு அந்தச் சண்டைகளுக்கு மாற்று வழிகளைச் சேர்த்தது. அதே கேமில் இன்னொரு சிறிய குறையும் உண்டு. கதவின் கடவுச்சொல் கையிலேயே இருந்தாலும், ஹேக் செய்து திறந்தால் புள்ளி கிடைக்கும் என்பதால் ஆட்டக்காரர்கள் ஹேக் செய்தே திறந்தார்கள். கடவுச்சொல் எழுதிய சீட்டைத் தேடிக் கண்டுபிடித்த துப்பறியும் மூளைக்கு மதிப்பில்லாமல் போயிற்று.

இந்த வாதத்துக்கு வரும் வலுவான மறுப்பு ஜப்பானிலிருந்து வருகிறது. ‘ஃபைனல் ஃபேண்டஸி 7’ கேமில் புள்ளி முழுக்கச் சண்டைக்கே; கதையோ உங்கள் தேர்வுகளைப் பொருட்படுத்தாமல் தன் போக்கில் நேர்கோட்டில் ஓடுகிறது. கணக்குக்கும் கதைக்கும் தொடர்பே இல்லாத இது 1997 முதல் இன்றுவரை இத்தனை பேரை அழவைப்பது எப்படி? மறுப்பு நியாயமானது, ஆனால் அழவைக்கும் அந்த இடத்தையே பாருங்கள். கேமின் முதல் குறுந்தட்டு முடியும் இடத்தில், குழுவில் ஒருத்தியான ஏரித் இறப்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதுவரை அவளுக்காக ஆயுதம் வாங்கியிருப்பீர்கள், அவளைச் சண்டைகளில் இறக்கி லெவல் ஏற்றியிருப்பீர்கள், குழுவைக் குணப்படுத்தும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருப்பீர்கள். அடுத்த சண்டையில் அந்த இடம் காலி. கதையில் ஒரு பெண் இறந்தாள் என்பதோடு நிற்காமல், நீங்கள் மணிக்கணக்கில் சேர்த்ததும் அவளோடு போய்விட்டது. துக்கத்தைத் திரைக்காட்சி தொடங்கிவைக்கிறது; அதை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவருவது கணக்கு. நாவலாலும் திரைப்படத்தாலும் செய்ய முடியாத காரியம் இது. ஆகவே இந்த கேம் என் வாதத்துக்கு எதிர்ச்சாட்சி அல்ல, ஆதரவுச் சாட்சி.

இன்னொரு மறுப்பு: எண்கள் ஏறுவதே சுகம், அதற்குப் பாத்திரப் பொருத்தம் எதற்கு? நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து, மூளைக்கு ஓய்வு கொடுத்து, ஒரு மணி நேரம் எதிரிகளை வெட்டிச் சாய்ப்பதில் தவறேதும் இல்லை. அந்தச் சுகத்தைத் தேடுபவர் அதை வெளிப்படையாகத் தரும் கேமை எடுக்கட்டும். எதற்குப் புள்ளி என்ற கேள்வி அவருக்கும் வழிகாட்டும். இதன் மறுபக்கத்தை 2015இன் ‘பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி’ சந்தித்தது. அதில் எதிரியைக் கொல்வதற்கென்று தனிப் புள்ளி கிடையாது. ஒவ்வொரு உயிரினத்தையும் பற்றிய குறிப்பேடு நிரம்பும்வரை மட்டும் கொஞ்சம் கிடைக்கும், பணிகளே முக்கிய வரவு. அப்படியென்றால் சண்டை போடுவதே வீண் என்று சிலர் முறையிட்டார்கள். முறையீடு பாதி சரி. வழியில் தேவையற்ற எதிரிக்கூட்டங்களை நிரப்பிவைத்துவிட்டு அவற்றுக்குப் புள்ளியும் தராவிட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். ஆனால் அது கூட்டங்களைக் குறைக்க வேண்டிய குறை, கொலைக்குக் கூலி கொடுத்துத் தீர்க்க வேண்டியது அல்ல. ‘தி விட்சர் 3’ இதை நயமாகக் கையாள்கிறது. அதன் நாயகன் கெரால்ட் கூலிக்கு அரக்கரை வேட்டையாடுபவன். வழியில் ஓநாயைக் கொன்றால் அவனுக்குச் சொற்பமே கிடைக்கும்; ஊராரிடம் விசாரித்து, தடயம் பார்த்து, ஒப்பந்தத்தை முடித்தால்தான் வளர்ச்சி. தொழில் என்னவோ அதற்கே ஊதியம்.

‘டார்க் சோல்ஸ்’ எங்கே பொருந்தும் என்று கேட்பவர்கள் உண்டு. 2011இன் இந்த கேமில் வீழ்ந்த எதிரிகளிடமிருந்து வரும் ஆன்மாக்களே பணமும் அனுபவமும். இறந்தால் எல்லாம் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். திரும்பப் போய் எடுக்கலாம், போகும் வழியில் மறுபடி இறந்தால் நிரந்தரமாகப் போய்விடும். ‘டிராகன் குவெஸ்ட்’ தந்த காப்பீட்டை இது பறித்துவிடுகிறது. எஞ்சுவது ஒன்றுதான்: எந்தத் திருப்பத்தில் எவன் ஒளிந்திருக்கிறான், எந்த வீச்சுக்குப் பின் எதிரி ஒரு நொடி அசைவற்று நிற்கிறான் என்ற அறிவு. அது திரையில் எண்ணாக வராது, இறந்தாலும் போகாது. அழிந்துகொண்டிருக்கும் உலகில் பிடிவாதத்தைத் தவிர வேறெதுவும் சொந்தமில்லாத பாத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு கிடையாது. கடினமானது என்ற பெயரைக் கேட்டு ஒதுங்குபவர்களிடம் இதைத்தான் சொல்ல வேண்டும்.

கணக்கையே கதைப்பொருளாக்கிய இரண்டு கேம்களைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். எஸ்டோனியாவில் தோன்றிய சா/உம் குழு 2019இல் வெளியிட்ட ‘டிஸ்கோ எலிசியம்’ கேமில் சண்டைக்கென்று தனி முறையே இல்லை. குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்த துப்பறிவாளன் ஒரு கொலையை விசாரிக்கிறான். அவனுடைய 24 திறன்கள் தலைக்குள்ளிருந்து அவனிடம் பேசுகின்றன. ஒன்றை அளவுக்கு மீறி வளர்த்தால் அது உதவுவதற்குப் பதில் தவறான வழியில் இழுத்துக்கொண்டு போகும். வளர்ச்சியென்றால் எப்போதும் நன்மை என்று நாற்பது ஆண்டுகளாக இந்த வகை நம்பிவந்ததை அது கேள்விக்குள்ளாக்குகிறது. பகடையில் தோற்றாலும் கதை நின்றுவிடாது. தோல்விக்கென்றே எழுதப்பட்ட காட்சிகள் பல இடங்களில் வெற்றிக் காட்சிகளைவிடச் சுவையானவை. தாயம் விழாவிட்டால் காய் நகராது என்று பழகியவர்களுக்கு இது புது அனுபவம். 2023இல் பெல்ஜியத்தின் லாரியன் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ இருபது பக்கப் பகடையைத் திரையின் நடுவிலேயே உருட்டிக் காட்டுகிறது. அங்கும் தோல்விகளை ஏற்றுக்கொண்டு ஆடிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் முன்பு சேமித்துவைத்த இடத்துக்குத் திரும்பினால், உங்களுக்கென்று எழுதப்பட்ட பாதியை நீங்களே கிழித்துப்போட்டதாகும்.

இனி நடைமுறை. ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கியிருந்தால், 14 நாள்களுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் நான்கு இடங்களைக் கவனித்தால் போதும். முதல்முறை புள்ளி ஏறும்போது அதற்குச் சற்றுமுன் என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். வேண்டுமென்றே ஒருமுறை தோற்று, எது பறிபோகிறது, எது மிஞ்சுகிறது என்று பாருங்கள். பாத்திரத்தின் எண்கள் இருக்கும் திரையைத் திறந்து, அவற்றில் எத்தனை சண்டைக்கு வெளியே ஒருமுறையாவது தலைகாட்டின என்று எண்ணுங்கள்; பேச்சுத்திறன் என்றொரு எண் இருந்தும் இரண்டு மணி நேரத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை என்றால் அது அலங்காரம். கடைசியாக, லெவல் ஏறியபின் முதலில் போராடி வென்ற எதிரியிடம் திரும்பப் போங்கள். அவனும் உங்களோடு வளர்ந்திருந்தால் ‘ஆப்லிவியன்’ நினைவுக்கு வரட்டும்.

மொழியும் ஒரு கணக்குதான். இந்த கேம்கள் தமிழில் ஆடக் கிடைப்பது அரிது. ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ சுமார் 8 லட்சம் ஆங்கிலச் சொற்கள் கொண்டது; ‘டிஸ்கோ எலிசியம்’ அதையும் தாண்டும், அதன் ஆங்கிலம் கடினமும்கூட. ஆங்கில நாவல்களைத் தடையின்றி வாசிப்பவர்கள் அங்கேயே தொடங்கலாம். மற்றவர்களுக்கு முதல் கேமாக நான் பரிந்துரைப்பது டோபி ஃபாக்ஸ் 2015இல் வெளியிட்ட ‘அண்டர்டேல்’. வாக்கியங்கள் சின்னவை, முடிக்க ஏழெட்டு மணி நேரம் போதும், பழைய கணினியிலும் ஓடும். யாரையும் கொல்லாமலே அதை முடிக்கலாம். அப்படி முடித்தால் கடைசிவரை லெவல் 1, உயிர்ப்பலம் 20, ஒன்றும் கூடாது. அனுபவப் புள்ளியைக் குறிக்கத் திரையில் வரும் ஆங்கில எழுத்துகள் அங்கே உண்மையில் எதைக் குறிக்கின்றன என்று முடிவுக்கு அருகில் தெரியவரும், அதை இங்கே உடைப்பது சரியல்ல. தொடக்கத்தில் வழிகாட்டியாக வரும் டோரியல் உங்களை ஒரு துணிப்பொம்மை முன் நிறுத்தி, எதிரி வந்தால் பேச்சுக்கொடுக்கச் சொல்வாள். அடிப்பதற்கான பொத்தானும் பக்கத்திலேயே இருக்கும். பேசிப் பாருங்கள். வென்றுவிட்டீர்கள் என்று திரை அறிவிக்கும். பெற்ற அனுபவப் புள்ளி 0 என்றும் அதன் கீழே காட்டும்.